சின்னத் துப்பாக்கியும் வீட்டில் செய்யும் தோட்டாவும்: காசும் கையும் போகாமல் இருக்க

டெக்சஸில் இருக்கும் நம்மூர் நண்பர் ஒருவர் முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கக் கிளம்பியபோது துணைக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தவற்றில் அவர் கை நேராக ரூகர் எல்சிபி பக்கம் போனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தோட்டா போடாமல் எடை 9.4 அவுன்ஸ், அதாவது 270 கிராமுக்கும் கம்மி. "ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டா தெரியவே தெரியாதுண்ணே" என்றார். வாங்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சில் 50 தோட்டாப் பெட்டியைப் பிரித்தவர், இருபதைச் சுட்டதும் கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீதி முப்பதும் பெட்டியோடு அலமாரிக்குப் போயின. ஒரு வாரம் கழித்து அவரே கேட்டார்: "தோட்டா விலை அநியாயமா இருக்குண்ணே, நாமளே வீட்டுல தயார் பண்ணினா என்ன?"

சின்னத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வழுக்குகிறார்கள். முதலில் அளவைப் பார்த்து ஏமாறுகிறார்கள், அப்புறம் கணக்கைப் பார்த்து.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4, சுற்றுலா விசா என்று குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. 1998-ல் சேர்த்த பிரிவு இது. மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. "ரேஞ்சில் யாரும் கேட்கவில்லையே" என்பது பதிலாகாது. அங்கே வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்தாலும் 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் வந்துவிடலாம். ஊரிலிருந்து வந்த அப்பாவையோ மாமாவையோ ஆசைக்கு ஒரு தடவை சுடச் சொல்லி போட்டோ எடுக்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சின்னது என்றால் சுலபம் என்று நினைப்பது

ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் சுட்டால் உதையில் ஒரு பங்கை இரும்பே வாங்கிக்கொள்ளும். 270 கிராம் துப்பாக்கியில் பெரும்பகுதி மணிக்கட்டுக்கு வந்து சேரும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடைவெளி குறைவு என்பதால், கை ஒரு மயிரிழை ஆடினாலும் இலக்கில் ஒரு சாண் விலகும். பழகிய கைக்கே இது சிரமம். முதல் துப்பாக்கியாக இதைப் பரிந்துரைக்கும் கடைக்காரரை நான் நம்புவதில்லை. அதுவும் "இது லேடீஸுக்கு" என்று எடுத்து நீட்டுகிறவரைச் சுத்தமாக நம்புவதில்லை. குட்டித் துப்பாக்கிகள் சிலவற்றில் ஸ்பிரிங் கடினமாக இருக்கும், ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பின்னால் இழுப்பதற்கே பலம் வேண்டும். கைவலு குறைந்தவர்களுக்காகவே 2018-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'ஷீல்டு ஈஸி' என்ற மாடலைக் கொண்டுவந்தது. அது எல்சிபியைவிடப் பெரியது, கனமானது. இழுக்கச் சுலபம்.

கையைத் தளர்வாகப் பிடித்தால் இன்னொரு தொல்லை. ஸ்லைடு பின்னுக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் அடிப்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு சேர்ந்து ஆடினால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வராமல் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். "துப்பாக்கி மட்டம்" என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டம் அவர்களுடைய பிடிதான்.

இன்று 2008-ன் நிலைமை இல்லை. எல்சிபி வந்தபோது பாக்கெட்டுக்கு அடக்கமாகக் கிடைத்தது பெரும்பாலும் அதைப் போல ஆறு, ஏழு தோட்டா கொள்ளும் .380 (9 எம்எம்மைவிடக் குட்டையான தோட்டா ரகம்) தான். 2018-ல் சிக் சாவர் பி365 வந்து, கொஞ்சமே பெரிய உடம்புக்குள் பத்து 9 எம்எம் தோட்டாக்களை அடக்கிக் காட்டியது. மற்ற நிறுவனங்களும் பின்னால் ஓடி வந்தன. ஆகவே, மிகச் சின்னதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று மாடல்களில் தலா ஐம்பது சுட்டுப் பாருங்கள். கடையில் கையில் தூக்கிப் பார்ப்பது புடவைக்குச் சரி, இதற்குப் போதாது.

உறையில்லாமல் வைப்பது

சாவிக்கொத்து, சில்லறை, மடித்த ரசீது, அவற்றோடு துப்பாக்கி. சாவி நுனி சுடும் விசைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் வைப்பதானால் விசையை முழுசாக மூடும் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. கைப்பையில் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2014 டிசம்பரில் இடாஹோ மாநிலம் ஹேடன் ஊரில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் கைப்பைக்குள் கைவிட்டான். அம்மா அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது.

மாநில எல்லையையும் பலர் மறந்துவிடுகிறார்கள். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். அந்தப் பழக்கத்தில் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் காரில் போனால் மாட்டிக்கொள்வீர்கள்; நியூ ஜெர்சி வேறு எந்த மாநில உரிமத்தையும் ஏற்பதில்லை.

கணக்கு

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு உருப்படிகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே பவுடர், நுனியில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, மற்ற மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அமெரிக்கக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. செய்து விற்பதைத் தொழிலாக்கினால் உரிமம் வேண்டும்.

ஒரு கணக்குக்கு, பிரைமர் 8 சென்ட், குண்டு 10 சென்ட் என்று வையுங்கள். பவுடர் பவுண்டு 40 டாலர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். 9 எம்எம்முக்கு 5 கிரெயின் என்றால் 1,400 தோட்டா வரும், ஒன்றுக்கு 3 சென்ட். ஆக 21 சென்ட். (இந்த 5 கிரெயின் என்பது செலவுக் கணக்குக்கு மட்டும். அளந்து போடும்போது பவுடர் நிறுவனம் அச்சிட்ட அட்டவணை ஒன்றுதான் வேதம்.) கடையில் சாதாரணப் பயிற்சித் தோட்டா 24 சென்டுக்குக் கிடைத்தால் மிச்சம் 3 சென்ட். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் 'புரோகிரசிவ்' வகை அச்சு எந்திரம், அச்சுத் துண்டுகள், தராசு, கூடு கழுவும் எந்திரம் எல்லாம் சேர்த்து 1,000 டாலர் போட்டால், அதை மீட்க 33,000 தோட்டா சுட வேண்டும்.

.380-க்குப் போவோம். பவுடர் இன்னும் குறைவு, மொத்தம் 20 சென்ட். கடையில் 34 சென்ட் என்று வையுங்கள். மிச்சம் 14 சென்ட்! கேட்டதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்ட 1,000 டாலர் 7,100 தோட்டாவில் திரும்பிவிடும். சரி, அந்த எல்சிபியில் அவர் 7,100 சுடுவாரா? இருபதுக்கே சதையைத் தேய்த்தவர். எந்தத் தோட்டாவில் மிச்சம் அதிகமோ அதைத்தான் நாம் ஆகக் குறைவாகச் சுடுகிறோம். பாக்கெட் துப்பாக்கிக்காக ரீலோடிங் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் உருப்படிகளும் உண்டு. பிரைமரும் பவுடரும் கூரியரில் வந்தால் அபாயப் பொருள் கட்டணம் தனி. சின்ன ஆர்டருக்கு அது மொத்த மிச்சத்தையும் தின்றுவிடும். கூடு இலவசம் என்பார்கள், ஆனால் .380 கூடு குண்டுமணி மாதிரி, புல்லில் விழுந்தால் தேடிச் சலித்துவிடும். தரையில் விழுந்தது எங்களுக்கு என்று சொல்லும் ரேஞ்சுகளும் உண்டு. ஒவ்வொன்றாகச் செய்யும் எளிய அச்சை 250 டாலருக்குள் முடித்தால் .380-ல் 1,800 தோட்டாவில் முதல் திரும்பும், ஆனால் மணிக்கு அறுபது எழுபது செய்வதே பெரிய காரியம். உங்கள் முப்பது மணி நேரத்துக்கு என்ன விலை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2020, 2021-ல் கடைகளில் தோட்டா கிடைக்காமல் விலை பல மடங்கு ஏறியபோது அச்சு வாங்கியவர்கள் ஏராளம். அச்சு வந்து சேர்ந்தது, பிரைமர் கிடைக்கவில்லை. பல வீடுகளில் அது தூசி படிந்து கிடந்தது. கடையில் தோட்டா கிடைக்காத காலத்தில் பிரைமரும் கிடைக்காது.

நான் இதைச் செய்கிறேனா என்றால், செய்கிறேன். .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு. மென்மையான தோட்டா எனக்கு வேண்டியபடி அமைகிறது, கூடும் துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடுகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மனசுக்கு நிம்மதியாகவும் இருக்கிறது. மிச்சம் பிடிக்கிறேன் என்று மனைவியிடம் சொல்வதை நிறுத்தி நாளாகிவிட்டது.

மேசையில் செய்யும் தவறுகள்

வேகமாக எரியும் பவுடர் 9 எம்எம் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் நிரம்பும். மறதியாக இரண்டு தடவை போட்டாலும் வழியாது. வழிந்தால் தெரிந்துவிடும், வழியாததுதான் ஆபத்து. பவுடரே போடாமல் விட்டால், பிரைமரின் பலத்தில் குண்டு குழாய்க்குள் பாதி தூரம் போய் மாட்டிக்கொள்ளும். அப்போது சத்தம் வழக்கமான டமாருக்குப் பதில் புஸ்ஸென்று இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். அடுத்த தோட்டா அடைபட்ட குழாயில் போய் முட்டினால் குழாய் வீங்கும், அல்லது வெடிக்கும். ஒவ்வொரு கூட்டிலும் குண்டு வைக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது, பேசிக்கொண்டே செய்யாமல் இருப்பது, இந்த இரண்டும்தான் பெரும்பாலான விபத்துகளைத் தடுக்கும். கிரிக்கெட் ஓடும் டிவிக்கு முன்னால் இந்த வேலை வேண்டாம்.

கூடுகள் கலப்பதும் உண்டு. .380 குண்டுக்கும் 9 எம்எம் குண்டுக்கும் விட்டம் ஒன்றே, .355 அங்குலம். கூட்டின் நீளம்தான் வேறு: 17 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர். வாளியில் கலந்து கிடந்தால் கண் ஏமாந்துவிடும், அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பிரியுங்கள். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி இறுக்கிய வளையம் இருக்கும், அதை நீக்காமல் புது பிரைமரை அழுத்தினால் நசுங்கும்.

பிரைமர்களை அழகாக இருக்கிறதென்று கண்ணாடி ஜாடியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்த ஜாடியும் வெடிக்கும். அவை வந்த தட்டிலேயே, பவுடர் வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். சுட்ட கூட்டில் ஈயத்தூள் இருக்கும், ஆகவே சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. கூடு கழுவும் எந்திரத்தைக் குழந்தை விளையாடும் அறையில் ஓட்டவும் கூடாது.

அப்புறம், வீட்டில் செய்ததைப் பயிற்சிக்கு வையுங்கள். இடுப்பில் வைத்துக்கொள்ள நல்ல நிறுவனத் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, அது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பாருங்கள். குட்டித் துப்பாக்கிகள் சில, நுனியில் குழி உள்ள 'ஹாலோ பாயிண்ட்' குண்டுகளோடு பிணங்கும். தினமும் ராத்திரி தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதையே திரும்ப உள்ளே தள்ளுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஸ்லைடு அறையும் ஒவ்வொரு தடவையும் குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கலாம். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாவை நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

பை

2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. "பையில் இருந்ததை மறந்துட்டேன்" என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். அங்கே அபராதத்தோடு போகலாம். ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னையில் பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா தட்டுப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகலாம். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு, ஆனால் அதற்கு நீதிமன்றம் வரை நடக்க வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பை வேறு, பயணப் பை வேறு என்று வையுங்கள். போன வருடம் பொங்கலுக்குக் கிளம்பும் முந்தைய இரவு என் மகனின் பள்ளிப் பையைக் கவிழ்த்தபோது பென்சில் துருவலோடு ஒரு .380 கூடு உருண்டு வந்தது. ரேஞ்சில் பொறுக்கிப் போட வேறு பை கிடைக்காமல் என்றோ ஒரு நாள் நான் எடுத்துப் போனது. வெற்றுக் கூடுதான். ஆனால் அதை மீனம்பாக்கத்தில் விளக்கி முடிப்பதற்குள் விமானம் போயிருக்கும்.