டிராக்டர் மேனுவல் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது டிராக்டர் எடுக்கும்போது சாவியோடு ஒரு புத்தகமும் கொடுக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஆர்சி, இன்சூரன்ஸ், லோன் பேப்பரோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடும். என்ன ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் திறந்தே பார்க்காததால் வரும் செலவு ஒரு பக்கம். திறந்துவிட்டுத் தப்பாகப் பயன்படுத்துவதால் வரும் செலவு இன்னொரு பக்கம்.

மேனுவல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. வண்டியோடு வருவது ஓட்டுபவருக்கான கையேடு. ஓட்டும் முறை, தினசரிப் பராமரிப்பு, ஆயில், கிரீஸ் விவரம் அதில் இருக்கும். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரித்துக் கோர்ப்பதைச் சொல்வது சர்வீஸ் மேனுவல். அது மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டது. மூன்றாவது, ஒவ்வொரு பாகத்தையும் படமாக விரித்து, எண் போட்டுக் காட்டும் பார்ட்ஸ் கேட்டலாக். முதல் புத்தகத்தில் ஹெட் போல்ட்டை (இன்ஜின் தலைப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்) எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்கு அளவைத் தேடிவிட்டு, இது ஒன்றுக்கும் உதவாது என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. அது அந்தப் புத்தகத்தின் வேலையே இல்லை. என் கணிப்பில், ஓட்டுநர் கையேட்டுக்கு அடுத்தபடியாக உரிமையாளருக்கு உதவுவது பார்ட்ஸ் கேட்டலாக்தான். எந்த வாஷர் எந்தப் பக்கம், சீல் முன்னாடியா பின்னாடியா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். கடையில் பாகத்தின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேறு மாடல் சாமானைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

வேறு வண்டியின் புத்தகத்தை நம்பி வேலை பார்ப்பது அடுத்த பெரிய தவறு. இணையத்தில் மாசி ஃபெர்குசன் 135-க்கான சர்வீஸ் மேனுவல் எளிதாகக் கிடைக்கிறது. அது இங்கிலாந்தில் 1964 முதல் 1975 வரை தயாரான வண்டி. பெரும்பாலும் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். நம்மூரில் ஓடும் மாசி ஃபெர்குசன் 1035 அதே குடும்பம் என்றாலும், சென்னை சிம்சன் இன்ஜின் போட்டு டாஃபே என்ற இந்திய டிராக்டர் கம்பெனி தயாரித்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக அந்த அளவுகளை அப்படியே எடுத்து இதில் வைக்கக் கூடாது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். ஒரே பெயரில் வரும் மாடலிலேயே ஒன்றுக்கு டிரை டிஸ்க் பிரேக், இன்னொன்றுக்கு ஆயில் பிரேக். ஒன்றுக்குச் சாதா ஸ்டீயரிங், இன்னொன்றுக்கு பவர் ஸ்டீயரிங் என்று மாறும். வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்த்து, புத்தகம் அந்த வரிசைக்குப் பொருந்துகிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

ஆயில் விஷயத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய நஷ்டம் இங்கேதான் சத்தமில்லாமல் நடக்கிறது. "கியர் பாக்ஸுக்கு 90 ஊத்துனா போதும்" என்பது பட்டறைகளில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. 90 என்பது கெட்டியான கியர் ஆயில். பழைய வண்டிகள் பலவற்றுக்கு அது சரிதான். ஆனால் ஆயில் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் டிஸ்க்குகள் பின் ஆக்சில் ஆயிலுக்குள் மூழ்கியபடி வேலை செய்கின்றன. பல மாடல்களில் ஹைட்ராலிக் லிஃப்டுக்கும் அதே ஆயில்தான். அதனால் கியரையும் காத்து, பிரேக் உராய்வையும் சீராக வைத்து, பம்பிலும் தடையில்லாமல் ஓடும்படி தயாரித்த ஆயிலைத்தான் கம்பெனி குறிப்பிட்டிருக்கும். சாதா 90 ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது அதிர்வும் கரகரப்பும் வரும், டிஸ்க் சீக்கிரம் தேயும், கெட்டியான ஆயில் என்பதால் காலை நேரத்தில் லிஃப்ட் மெதுவாகத் தூக்கும். அப்புறம் லிஃப்ட் பம்ப் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றுவார்கள். புத்தகத்தில் ஆயில் அட்டவணை இருக்கும் ஒரே ஒரு பக்கம் இத்தனை அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

நாள் கணக்கில் சர்வீஸ் செய்வதும் தவறு. மேனுவல் பேசுவது இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் கணக்கில். பல டிராக்டர்களில் முதல் சர்வீஸ் 50 மணியில், பிறகு இன்ஜின் ஆயில் 250 மணிக்கு ஒருமுறை என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். டெல்டாவில் குறுவை, சம்பா நேரத்தில் வாடகைக்கு ஓடும் வண்டி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 25 நாளில் 250 மணியைத் தொட்டுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்று நினைப்பவருக்கு இது புரியாது. தொளி உழவு செய்கிறவர்கள் சேற்று உழவுக்கான பகுதியைத் தனியாகப் படிக்க வேண்டும். சேறும் தண்ணீரும் முன் ஹப்புக்குள்ளும் ஆக்சிலுக்குள்ளும் புகும் என்பதால், அந்த வேலைக்கு கிரீஸ் அடிக்கும் இடைவெளி மிகவும் குறுகும். ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மணிக்கணக்கு வரும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

ஏர் ஃபில்டரில் நேர்மாறான தவறு நடக்கிறது. நல்லது என்று நினைத்து டிரை டைப் ஃபில்டரைத் தினமும் கழற்றித் தட்டுகிறார்கள். தட்டத் தட்டக் காகித மடிப்பு கிழிந்து, தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். அடைப்பு காட்டும் விளக்கு எரிந்த பிறகு தொட்டால் போதும். காற்றிலுள்ள தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகையில் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றக் கூடாது.

முறுக்கு அளவில் வரும் தவறு பெரும்பாலும் அலகுத் தவறு. சில புத்தகங்கள் நியூட்டன் மீட்டரில் சொல்லும், சில கிலோகிராம் மீட்டரில், வெளிநாட்டுப் புத்தகங்கள் அடி-பவுண்டில். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். 80 அடி-பவுண்டு என்பது சுமார் 108 நியூட்டன் மீட்டர். அதை 80 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டு ஹெட் போல்ட்டை முறுக்கினால் இறுக்கம் கால் பங்குக்கு மேல் குறையும். கேஸ்கெட் சீக்கிரம் ஊதிவிடும். முறுக்கும் வரிசையும் முக்கியம். வழக்கமாக நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் அல்லாமல் இரண்டு மூன்று சுற்றாக முறுக்கச் சொல்லியிருக்கும். டாப்பட் இடைவெளி (வால்வுக்கு மேலே விட வேண்டிய இடைவெளி) குளிர்ந்த இன்ஜினுக்கா, சூடான இன்ஜினுக்கா என்பதையும் அந்த அளவு இருக்கும் இடத்திலேயே தேடுங்கள். அதைப் பார்க்காமல் அளவை மட்டும் வைத்தால் பயனில்லை.

கோளாறு வந்தால் கோளாறு அட்டவணையில் கடைசி வரிக்குத் தாவாதீர்கள். பொதுவாக எளிதான காரணங்கள்தான் மேலே இருக்கும். கரும்புகை வந்தால் பம்பைப் பிரிப்பதற்கு முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டீசல் தீர்ந்து நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் லைனில் காற்றுப் பிடித்திருக்கும். அந்தக் காற்றை வெளியேற்ற எந்த ஸ்குருவை முதலில் தளர்த்துவது என்று படத்தோடு போட்டிருப்பார்கள். அதன்படி செய்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் கை வைக்கவும் கூடாது. டீசல் பம்பும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் சோதனை மேசை உள்ள கடைக்குப் போக வேண்டியவை. நாசில் பைப்பில் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். கிளட்ச் மாற்ற டிராக்டரை நடுவில் பிரிப்பதும் சரியான ஸ்டாண்டு இல்லாமல் செய்யக் கூடாத வேலை. அப்படிப்பட்ட வேலைக்கு மெக்கானிக்கிடம் விடும்போது, ஆயில் அட்டவணை, முறுக்கு அளவு, சேசிஸ் பிளேட் மூன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும் முன்பே "அண்ணே, இந்த அளவுல வைங்க" என்று காட்டிவிடுங்கள்.