மலையடிவாரக் கொடையில் வில்லுப்பாட்டு கேட்பது எப்படி? முதல்முறை வருபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஏப்ரல், மே மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். பூதப்பாண்டி, கடுக்கரை, கீரிப்பாறை, பேச்சிப்பாறை என எந்தப் பக்கம் போனாலும் வழியில் எங்காவது சாலைக்குக் குறுக்கே குருத்தோலைத் தோரணமும் டியூப் லைட் வரிசையும் கண்ணில் படும். அந்த ஊரில் கொடை.

இசக்கியம்மன், சுடலைமாடன், முத்தாரம்மன், பூதத்தான் என்று தங்களைக் காக்கும் தெய்வங்களுக்கு ஊரார் வரி பிரித்து எடுக்கும் விழாதான் கொடை. என்னைப் பொறுத்தவரை குமரி மாவட்டத்தின் மிகச் சிறந்த இசை விழாவும் அதுவே. டிக்கெட் கிடையாது. பின்னால் மலை இருட்டாக நிற்க, முன்னால் விடிய விடிய வில் முழங்கும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் வருஷா வருஷம் "எப்படி வருவது, என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: சரியான கொடையைப் பிடிப்பது

கொடைக்கு உகந்த கிழமைகள் செவ்வாயும் வெள்ளியும். வாரக் கடைசிக்கு மட்டும் வர முடிகிறவர்கள் வெள்ளிக் கொடையைத் தேடுங்கள். பொதுவாக முதல் நாள் இரவு தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு இருக்கும். மறுநாள் பகலிலும் நள்ளிரவிலும் பெரிய பூஜைகள். அதற்கு அடுத்த நாள் மஞ்சள் நீராட்டோடு முடியும். வியாழன் குடியழைப்பைத் தவறவிட்டாலும் வெள்ளி மாலைக்குள் வந்துவிட்டால் போதும், முக்கியமான இரவு கையில் இருக்கும்.

ஊர்ச் சுவரிலும் டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதில் "வில்லிசை" அல்லது "வில்லுப்பாட்டு" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கொடையிலும் வில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில ஊர்களில் மெல்லிசைக் கச்சேரியோடு முடித்துக்கொள்கிறார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் மேற்கே போகப் போகச் செண்டை மேளம் அதிகமாகக் காதில் விழும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததன் தடம் அது. செண்டையும் அருமைதான். ஆனால் முதல்முறை வருபவர் வில்லில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் வில்லில்தான் கதை இருக்கிறது.

படி 2: ஒரு வீட்டின் விருந்தாளியாக வருவது

கொடை அந்த ஊர்க் குடும்பங்களின் காரியம். பந்தலுக்குள் நுழைந்ததும் யாராவது ஒரு பெரியவர் "யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று கேட்பார். விரட்டுவதற்கான கேள்வி இல்லை, எந்த இலையில் உங்களை உட்கார வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். பதில் சொல்ல ஒரு வீடு வேண்டும். கூடப் படித்தவர், கூட வேலை செய்பவர், அவருடைய மாமா, யாராக இருந்தாலும் சரி. முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பகலில் போய் விழாக் குழுவில் ஒருவரைப் பார்த்து, "வில்லு கேக்க வந்திருக்கேன், அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். வில்லுக்காக வந்த ஆளை ஊர் மறக்காது.

படி 3: கதையைத் தெரிந்துகொண்டு வருவது

இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

ரேடியோவிலும் மேடையிலும் கேட்ட வில்லுப்பாட்டு நமக்குப் பழக்கம். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகமும் வில்லைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தவர்கள். அந்த மேடை வில் சபைக்காகப் பாடப்படுவது. கொடை வில்லைக் கேட்கும் முதல் ஆள் சாமி. சாமிக்கு எதிரே வில்லை வைத்து, அந்தச் சாமியின் கதையை அந்தச் சாமிக்கே பாடுகிறார்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம்.

அதனால் எந்தச் சாமிக்குக் கொடை என்று விசாரித்து, அந்தக் கதையை ஒரு பாட்டியிடமோ பாட்டாவிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வங்களின் கதை. சுடலைமாடன் அப்படி. விளக்கின் சுடரிலிருந்து பிறந்து, பாலுக்கு அடங்காத பசியோடு சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, பூமிக்கு அனுப்பப்பட்டவர். இன்னொன்று மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, தெய்வமானவர்களின் கதை. வெட்டுப்பட்ட வாதை என்று சொல்வார்கள். இசக்கியாக வணங்கப்படும் நீலியின் கதை இந்த வகை. நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொன்றவனைத் தேடி வருகிறாள். ஆரல்வாய்மொழி தாண்டினால் வரும் முப்பந்தலில் வண்டிகள் நின்று கும்பிட்டுப் போகின்றனவே, அதுவும் இசக்கியம்மன் கோயில்தான்.

கதை தெரிந்தால் போதும், பாட்டில் பாதிச் சொல் புரியாவிட்டாலும் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

படி 4: பையில் வைக்க வேண்டியவை

பருத்தித் துணி, ஒரு துண்டு, மெல்லிய போர்வை, டார்ச், தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது ஒன்று, சில்லறையாகக் கொஞ்சம் ரூபாய். பகலில் வியர்த்து ஊற்றும். பின்னிரவில் மலைக்காற்று இறங்கினால் போர்வையைத் தேடுவீர்கள். வேனல் மழை சாயங்காலத்தில் இடியோடு வரும், அதனால் குடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டிய ஊராக இருந்தால் இரவில் ரப்பர் தோட்டத்துக்குள் ஊர்க்காரர் துணையில்லாமல் நடக்காதீர்கள். யானை வரும் இடங்கள் உண்டு.

படி 5: வெள்ளிக்கிழமை போய்ச் சேர்வது

வெளியூர் பஸ் உங்களை வடசேரியில் இறக்கிவிடும். ஊர்களுக்குப் போகும் டவுன் பஸ்கள் பல அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. எதில் ஏற வேண்டும் என்று நீங்கள் போகும் வீட்டாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். மாலை 5 மணிக்குள் ஊரில் இருக்கும்படி வாருங்கள்.

படி 6: உட்காரும் இடமும் கருவிகளும்

கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிரே உட்காராதீர்கள். அதில் வருவது இரைச்சல். வில்லுக்குப் பக்கவாட்டில், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித் தரையில் இடம் பிடியுங்கள். அங்கிருந்தால் மைக் வழியாக வராத சின்னச் சின்னச் சத்தமும் காதில் விழும். சாமிக்கும் வில்லுக்கும் நடுவில் மட்டும் உட்காரக் கூடாது.

இப்போது ஒவ்வொரு கருவியாகக் காதைப் பழக்குங்கள்.

நடுவில் இருப்பது வில். ஏறத்தாழ 10 அடி நீளம், வைரம் பாய்ந்த மரம், அதில் வரிசையாக மணிகள். நாண் மேலே இருக்கும்படி கிடத்தியிருப்பார்கள். தலைமைப் பாடகரை அண்ணாவி என்றோ புலவர் என்றோ அழைப்பார்கள். அவர் கையில் இரண்டு வீசுகோல்கள். கோல் நாணில் விழும்போது மணிகள் சேர்ந்து குலுங்கும். நாணின் அதிர்வும் மணியின் கலகலப்பும் ஒரே நொடியில் வருவதுதான் வில்லின் குரல்.

அதற்கு அடியில் 'டும்' என்று ஓர் ஆழமான ஒலி கேட்கும். அது குடம். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயைப் பத்தி என்ற தட்டையான மட்டையால் அடிக்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து அந்த ஒலி எழுகிறது. இன்னொரு கை நாணயத்தால் குடத்தின் வயிற்றைத் தட்டும், அதில் கணீர் என்று வேறொரு ஒலி. ஒரே பானையில் இரண்டு வாத்தியம். குடக்காரரை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருங்கள், தாளம் முழுதும் பிடிபட்டுவிடும். இவற்றோடு உடுக்கையும் தாளமும் கட்டையும் இருக்கும்.

பாடுபவர்களும் இரண்டு பக்கம். அண்ணாவி இருக்கும் பக்கம் வலம்பாடுகிறவர்கள், எதிர்ப்பக்கம் இடம்பாடுகிறவர்கள். வலத்தில் ஓர் அடி எழும்ப, இடத்தில் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இடையில் "ஆமா" போட்டுக் கதையை இழுத்துச் செல்வதும் அவர்கள்தான்.

பெண்கள் தலைமை ஏற்கும் செட்டுகளும் உண்டு. கொட்டாரம் பக்கம் வாழ்ந்து 2018-இல் காலமான பூங்கனியம்மா வில்லின் முன்னால் உட்கார்ந்து பல காலம் பாடியவர். பெண் குரலில் நீலி கதை கேட்க வாய்த்தால் விடாதீர்கள்.

படி 7: இரவின் போக்கைப் பின்தொடர்வது

தொடக்கம் மெதுவாக இருக்கும். காப்புப் பாடல், குருவுக்கு வணக்கம், சபைக்கு அடக்கம், பிறகு நாட்டு வளம். "தந்தனத்தோம்" என்று எடுத்து, வயலும் வாய்க்காலும் மலையும் பாட்டில் வந்துகொண்டிருக்கும். புதியவர்களுக்கு இந்த இடத்தில்தான் சலிப்பு வரும். எழுந்து போகாதீர்கள், காது இங்கேதான் பழகுகிறது.

இடையிடையே வில் நிற்கும், நையாண்டி மேளம் எடுத்துக்கொள்ளும். நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் ஒன்றாக முழங்கும். சில ஊர்களில் கும்பாட்டமும் இருக்கும். அந்த நேரத்தில் எழுந்து ஒரு சுக்குக் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

நள்ளிரவை நெருங்கும்போது பாட்டு மாறும். பேச்சு குறையும், அடி நெருங்கும், குடம் வேகமெடுக்கும். வரத்துப் பாட்டு என்று இதற்குப் பெயர். தெய்வத்தை வரவழைக்கும் பாட்டு. இத்தனை நேரம் ஓரமாக அமைதியாக நின்ற சாமியாடியின் தோள் முதலில் துடிக்கும். சில ஊர்களில் கோமரத்தாடி என்பார்கள். அண்ணாவியின் கண் அவரை விட்டு அகலாது. அவர் உடம்பு எந்த அடிக்கு இளகுகிறதோ, அந்த அடியையே திரும்பத் திரும்பப் பாடுவார். அருள் வந்ததும் சாமியாடி கமுகம்பூவைக் கையில் வாங்கி ஆடுவார். குலவைச் சத்தம் எழும், மேளம் சேரும், சாமக்கொடை தொடங்கும்.

கல்லூரி நாளில் நண்பன் ஊரில் முதன்முதலாக இசக்கி கொடைக்குப் போனேன். பதினொன்றரை மணிக்கு, இனி இதே மாதிரிதான் போகும் என்று நினைத்து, அவன் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் அவன் அம்மா கட்டன் சாயாவை நீட்டிக்கொண்டே, "கள்ளிக் கொப்பு பிள்ளையாட்டு 'அப்பா'ன்னு கூப்பிட்ட எடத்துல ஊரே கரைஞ்சு போச்சு, நீ தூங்கிட்டியே மக்களே" என்றார். அவர் குரல் அப்போதும் கம்மியிருந்தது. அந்த இடத்தைக் கேட்பதற்காகவே அடுத்த வருஷம் திரும்பப் போனேன். விடியும் வரை இருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். பகலில் தூங்கிக்கொள்ளலாம்.

அருள் வரும் நேரத்தில் சில விஷயங்களை மனதில் வையுங்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். போன் வெளிச்சத்தைச் சாமியாடி முகத்தில் அடிக்காதீர்கள். படம் பிடிக்க வேண்டும் என்றால் பகலிலேயே அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அருள்வாக்கு வேறு ஒருவரின் வீட்டுக் கஷ்டத்துக்குச் சொல்லப்படுவது, அதைப் பதிவு செய்யவே கூடாது. பலி கொடுக்கும் கோயில்களும் உண்டு. பார்க்க முடியாதவர்கள் சத்தமில்லாமல் விலகி நின்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 8: சனிக்கிழமை

விடிந்ததும் யாராவது ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ கூட்டிப் போவார்கள். ஊர்ப் பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். பிறகு நன்றாகத் தூங்குங்கள். மத்தியானம் மஞ்சள் நீராட்டு இருக்கலாம், வெள்ளைச் சட்டையைத் தவிருங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். இலையில் அவியலும் எரிசேரியும் இருக்கும், இல்லாவிட்டால் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் இருக்கும். சக்கைப்பழக் (பலாப்பழக்) காலம், மட்டிப்பழமும் குலைகுலையாகத் தொங்கும். கிடைத்தால் அக்கானி, அதாவது பதநீர், ஒரு செம்பு குடியுங்கள்.

வில் பாடியவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பாருங்கள். வில்லில் கட்டிய மணிகளை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் வீசுகோலைக் கையில் தந்து, ஓர் அடி அடிக்கச் சொல்லவும் கூடும். அன்பளிப்பு கொடுக்க நினைத்தால் இரவு பாட்டுக்கு நடுவிலேயே கொடுங்கள். 101 ரூபாய் கொடுத்தாலும் உங்கள் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவார்கள். காலையில் கொடுப்பதென்றால் அண்ணாவியிடம் மட்டும் கொடுக்காமல் செட்டுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். குடக்காரருக்கும் சேர வேண்டும். அவர் கையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும், விரல்கள் வீங்கியிருக்கும்.

கிளம்பும்போது "எட்டாம் கொடை உண்டா?" என்று வீட்டாரிடம் கேட்டு வையுங்கள். பல கோயில்களில் எட்டாம் நாள் சிறிய அளவில் பூஜை வைப்பார்கள். கூட்டம் இருக்காது. அன்றைக்கும் வில் வைத்திருக்கிறார்கள் என்றால் அடுத்த வெள்ளிக்கும் லீவு போட்டுவிடுங்கள்.