கனடாவில் வங்குரோத்து: குற்ற உணர்வில் அவசரப்படாதீர்கள்

"வாங்கின கடனைக் கட்டாமல் விடுகிறோமே" என்ற உறுத்தல், நாணயம் பெரிதென்று வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கும். அது தப்பில்லை. ஆனால் அந்த உறுத்தல் தாங்காமல், வங்குரோத்துப் (கடனைக் கட்ட முடியாதென்று சட்டப்படி அறிவிப்பது) பதிவதற்கு முந்தைய மாதங்களில் செய்யும் காரியங்கள்தான் பின்னால் பெரும் தலையிடியாகின்றன.

அதிகம் நடப்பது இது: கடனட்டைக் கொம்பனிக்குக் கொடுக்காவிட்டாலும் மாமாவிடம் வாங்கிய கைமாற்றையாவது தீர்த்துவிடுவோம் என்று கடைசிக் காசையும் வழித்துக் கொடுப்பது. சட்டம் இதை ஒருவருக்கு மட்டும் காட்டிய சலுகையாகப் பார்க்கும். பதிவதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் உறவினருக்குக் கொடுத்த பணத்தை, உங்கள் வங்குரோத்தை நடத்தும் டிரஸ்டி திருப்பிக் கேட்கலாம். கடிதம் மாமாவின் வீட்டுக்கே போகும். காரையோ நகையையோ தம்பிக்கு மலிவாக எழுதிக் கொடுத்திருந்தால் 5 ஆண்டுகள் வரைகூடப் பின்னோக்கிப் போய் விசாரிக்க முடியும்.

மாமாவையும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சேருங்கள். கடிதம் போய்ச் சேர முதல் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். கடன்களிலிருந்து சட்டப்படி விடுவிப்புக் கிடைத்த பிறகு நீங்களாக விரும்பி அவருக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்காது. மனம் ஆறுவதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

சீட்டையும் மறைக்க வேண்டாம். எடுத்த சீட்டில் மிச்சம் கட்ட வேண்டியது கடன். எடுக்காத சீட்டில் கட்டியது சொத்து. ஊரில் உங்கள் பெயரில் காணியோ வீடோ இருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வுகாலச் சேமிப்பை உடைத்துக் கடனட்டைக்குக் கட்டாதீர்கள்: கடைசி 12 மாதங்களில் போட்டதைத் தவிர மற்றது வங்குரோத்தில் பாதுகாக்கப்படும். வெளியே எடுத்தால் வரியும் கட்ட வேண்டிவரும்.

வங்குரோத்தைப் பதிய, மத்திய அரசின் உரிமம் பெற்ற இன்சோல்வன்சி டிரஸ்டியால் மட்டுமே முடியும். முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆகவே "கடன் ஆலோசகர்" என்று இடையில் நின்று காசு கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். பதிந்ததும் சாதாரண கடன்களுக்கான வசூல் அழைப்புகளும் சம்பளப் பிடிப்பும் நிற்கும். முதல் தடவை என்றால் பொதுவாக 9 மாதங்களில் விடுவிப்பு. குடும்பத்தின் அளவுக்கென்று வகுத்த எல்லையை வருமானம் தாண்டினால் 21 மாதங்கள். பிள்ளைப் பராமரிப்புப் பணம், நீதிமன்றத் தண்டம், படிப்பை விட்டு 7 ஆண்டுகள் ஆகாத அரச மாணவர் கடன் ஆகியவை அழியாது.

பெற்றோரையோ துணையையோ ஸ்பொன்சர் செய்யும் எண்ணம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். விடுவிப்புக் கிடைக்கும்வரை ஸ்பொன்சர் செய்ய முடியாது. வங்குரோத்துக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமான கன்சியூமர் புரொப்போசலுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டு மோர்ட்கேஜைச் சேர்க்காமல் கடன் 2,50,000 டொலருக்குள் இருந்தால், ஒரு பகுதியை 5 ஆண்டுகளுக்குள் கட்டித் தீர்க்க அதில் இடமுண்டு. "கொஞ்சமாவது கட்டினேன்" என்ற ஆறுதல் தேவைப்படுபவர்களுக்கு இது பொருந்தும். மூன்று மாதத் தவணை நிலுவையானால் அது முறிந்துவிடும். கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பிணை நின்று கையெழுத்திட்ட மச்சானை இரண்டு வழியும் காப்பாற்றாது. வங்கி அவரிடம் போகும். அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

வங்குரோத்தோ புரொப்போசலோ, இரண்டு ஆலோசனை அமர்வுகளுக்குக் கட்டாயம் போக வேண்டும். நித்திரை வராததையும் வீட்டுச் சண்டையையும் அங்கே பேசலாம். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் எந்த நேரமும் 9-8-8க்கு அழையுங்கள். தமிழில் உதவி தேட, சமூக சேவைகள் பற்றிய தகவல் தரும் 211க்கு அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.