தனியாகத் தூண்டில் போட எந்த அளவுக் கயாக்?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்களில், குத்தகைதாரரிடம் அனுமதி வாங்கி விராலுக்குத் தூண்டில் போடுகிறேன். முன்பிருந்த 12 அடிக் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) நேராக, வேகமாகப் போகும். தாமரைக் கொடிகளுக்குள் திருப்புவதுதான் பெரும்பாடு. கரைமேட்டில் தனி ஆளாக ஏற்றவும் முடியவில்லை. 10 அடிக்கு மாற்றினேன். இரண்டு தொல்லையும் தீர்ந்தன.

நீளத்தைவிட அகலத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இது 34 அங்குலம். விரால் கொடிக்குள் புகுந்து வெட்டி இழுக்கும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து மடக்கினாலும் படகு அசையாமல் நிற்கிறது.

எடைக் கணக்கும் அவசியம். நான் 75 கிலோ; ஐஸ் பெட்டி, துடுப்பு, நங்கூரம் எல்லாம் சேர்த்து 20. தாங்கும் திறனில் எழுபது சதவீதத்தைச் சுமை தாண்டக்கூடாது என்பதால் 140 கிலோ தாங்குவதை எடுத்தேன். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது.

தொண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு 12 அடியே சரி.