கரிசலாங்கண்ணி: சரியான செடியைக் கண்டுபிடித்துத் தொட்டியில் வளர்க்கும் முறை

கரிசலாங்கண்ணி வளர்ப்பதில் கஷ்டம் எதுவும் இல்லை. கரிசலாங்கண்ணி என்று நினைத்து வேறு செடியை வளர்ப்பதுதான் நடக்கிறது. இதில் வெள்ளை, மஞ்சள் என இரண்டு வகை உண்டு. கீரையாகச் சாப்பிடப் போகிற செடி என்பதால், தொட்டியும் மண்ணும் வாங்குவதற்கு முன்னால் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: வெள்ளைக் கரிசலாங்கண்ணியை அடையாளம் காணுதல்

வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம் என ஈரம் தங்கும் இடங்களில் தானாக முளைக்கும். தண்டு பெரும்பாலும் செம்பழுப்பு நிறம். இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாமல் தண்டை ஒட்டி இருக்கும். நீண்டு, நுனி கூராக இருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு பூக்கள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஓரத்தில் நூல்போன்ற வெள்ளை இதழ்ப் பூக்களும், நடுவில் குட்டிக் குழல் பூக்களும் தனித்தனியாகத் தெரியும். நடுப்பகுதியும் வெள்ளைதான், மஞ்சள் இல்லை.

சந்தேகம் இருந்தால் தண்டை நசுக்கிச் சில நிமிடம் வையுங்கள். சாறு காற்றுப் பட்டுக் கருத்துவிடும்.

வெட்டுக்காயப் பூண்டை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதன் பூ, இலையே இல்லாத நீண்ட காம்பின் உச்சியில் தனியாக நிற்கும், நடுப்பகுதி மஞ்சளாக இருக்கும், விதை பஞ்சு முளைத்துப் பறக்கும். இலை ஓரத்தில் ஆழமான பற்களும் உண்டு.

படி 2: மஞ்சள் கரிசலாங்கண்ணியில் கூடுதல் கவனம்

அதிகமாக ஏமாறுவது இங்கேதான். பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரையை மூடிப் படர்கிற, மஞ்சள் பூப் பூக்கிற வெடேலியாவைப் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பறிக்கிறார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடி; போன இடமெல்லாம் மற்றச் செடிகளை அமுக்கிவிடும். அதைச் சமைக்க வேண்டாம்.

பூவை வைத்துப் பிரிப்பது கடினம், இலையைப் பாருங்கள். வெடேலியா இலை அகலமாக, பளபளப்பாக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் நீட்டி மூன்று பிரிவாகத் தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் இருக்காது. வெடேலியாக் கொடியிலும் சில இலைகளில் மடல் சரியாகத் தெரியாது. அதனால் ஒற்றை இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் நாலைந்து கணுக்களைப் பாருங்கள்.

படி 3: மண்ணும் தொட்டியும்

வேர் மேலாகப் படர்வதால் ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். 6 முதல் 8 அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டி போதும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு. அடியில் துளை கட்டாயம். ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனாலும் வடியாமல் நாள்கணக்கில் தேங்கும் தொட்டித் தண்ணீர் வேரை அழுக வைக்கும்.

படி 4: நடுதல்

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குத் தண்டு நடுவதே நல்லது. முற்றாத, பூக்காத தண்டில் நான்கு கணு உள்ள துண்டை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும்; ஒரு கணுவும் மண்ணுக்குள் போகாவிட்டால் தண்டு காய்ந்துபோகும். புதுத் தளிர் வரும்வரை நிழலில் வைத்து, பிறகு தினமும் 4 மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு மாற்றலாம்.

வெள்ளையை விதையிலும் வளர்க்கலாம். இதழ் உதிர்ந்தபின் நிற்கும் பச்சைக் குமிழ் கருத்து, தொட்டாலே விதை உதிரும்போது சேகரியுங்கள். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை சென்டிமீட்டர் மண் மூடினாலே முளைப்பது அரிது. “விதை சரியில்லை” என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். மணலோடு கலந்து ஈரமண் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். பூவாளியால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப்போகும், தெளிப்பானால் நனையுங்கள்.

படி 5: பராமரிப்பும் அறுவடையும்

மேல்மண் காயவிடாதீர்கள். கோடையில் காலை மாலை இருவேளையும் தண்ணீர் தேவைப்படும். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் தூவுங்கள். கீழ் இலைகள் மஞ்சளானால் முதலில் வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், உரத்தை அப்புறம் யோசிக்கலாம். இலையடியில் வெள்ளை ஈ தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள். அடித்தபின் ஒரு வாரம் கீரை பறிக்க வேண்டாம்.

செடி நன்றாகப் படர்ந்ததும் தரையிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். அந்தக் கணுக்களிலிருந்து மறுபடி கிளைக்கும். வேரோடு பிடுங்கினால் அத்தோடு சரி. பூ அதிகமானால் இலை சிறுத்துவிடும், அதனால் மொட்டிலேயே கிள்ளிவிடலாம். ஒரு கிளையை மட்டும் பூக்க விட்டுவைத்தால் அடுத்த விதைப்புக்கு விதை கிடைக்கும்.