கம்பளிக்குள் பாடிய கேசட்

பரணில் மாம்பழக் கூடைக்குப் பின்னால் கிடைத்தது அந்த 60 நிமிடக் கேசட். 1986-இல் கிருஷ்ணகிரி பழையபேட்டைக் கடை ஒன்றில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து பதிவு செய்து வாங்கியது. முழுக்க இளையராஜா. அட்டையில் என் கோழிக்கிறுக்கல்.

டேப் ரெக்கார்டரில் போட்டால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன், வயது 58. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். பழுப்பாக அழுக்கு வந்தது, பாட்டு தெளியவில்லை. ஆனால் வேறொரு கேசட் கணீரென்று பாடியது. ஆக, கோளாறு கேசட்டில்!

திறந்த விளிம்பைப் பார்த்தேன். நடுவே நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டித் திண்டைக் காணோம். பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறது. நாடா ஹெட்டை ஒட்டி ஓடாவிட்டால் கீச்சொலிகள்தான் முதலில் மங்கும்.

ஐந்து திருகுகளைக் கழற்றி, உதவாத கேசட் ஒன்றிலிருந்து திண்டைத் தகட்டோடு எடுத்துப் பொருத்தினேன். மின்விசிறியை நிறுத்த மறந்ததால் உள்ளிருந்த வழுவழுப்புத் தாள் பறந்து, அதைக் கட்டிலடியில் தேடியதுதான் பெரிய வேலை.

இப்போது தபேலாவின் விரல்கூடக் கேட்கிறது. இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு மட்டும் சரணத்தில் அறுந்து நிற்கிறது. நாடா தீர்ந்ததாம், அதற்குக் கடைக்காரரிடம் அப்போதே சண்டை போட்டாகிவிட்டது.