பக்கத்து வீட்டு நாய் மேலே பாய்கிறதா? பேச்சு முதல் புகார் வரை படிப்படியாக

“ஒண்ணும் பண்ணாது சார், சும்மா குரைக்கும்.” நாய் வளர்ப்பவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்காத தெரு இருக்காது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதி மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். நாய் செய்ததற்கு நாய் பொறுப்பேற்க முடியாது. கயிற்றைப் பிடித்திருக்க வேண்டியவர்தான் பொறுப்பு. கடி விழும்வரை அக்கம்பக்கத்தார் பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதற்கு முன்பே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

படி 1: கவனியுங்கள், குறித்து வையுங்கள்

குரைப்பது வேறு, பாய்வது வேறு. கேட்டுக்குள் நின்று குரைக்கும் நாய் தன் வேலையைச் செய்கிறது. உடம்பை விறைத்து, வாலை உயர்த்தி, கண்ணை எடுக்காமல் உறுமினால் விலகிப் போங்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். பையோ குடையோ கையில் இருந்தால் நடுவில் பிடித்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், இடம், யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். முடிந்தால் போனில் வீடியோ. கேட்டின் கொக்கி சரியாக விழாமல் தொங்குகிறதா, கேட்டுக்கும் தரைக்கும் நடுவே நாய் நுழையும் அளவு சந்து இருக்கிறதா, துணி காயப்போடும் நைலான் கயிற்றில்தான் கட்டியிருக்கிறார்களா? இவையெல்லாம் குறிப்பில் இருக்கட்டும். “அந்த நாய் மோசம்” என்பதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். “கொக்கி உடைந்திருக்கிறது” என்பதை மறுக்க முடியாது.

படி 2: நேரில் பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும் என்று நம்புகிறேன். சம்பவம் நடந்த சூட்டில் போகாமல், மாலையில் தனியாகப் போய்ப் பேசுங்கள். “அண்ணா, காலையில பாப்பாவ ஸ்கூல் வேன்ல ஏத்தப் போறப்ப டாமி கேட்டத் தள்ளிட்டு வெளிய வந்துடுச்சு. குழந்தை ரொம்ப பயந்துட்டா. கொக்கிய மட்டும் மாத்திடுங்களேன்” என்றால் போதும். வளர்ப்பைக் குறை சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: கேட் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். வெளியே கூட்டி வரும்போது குட்டையான, உறுதியான கயிறு வேண்டும். கடிக்கும் பழக்கம் இருந்தால் வாய்மூடி கட்டாயம். நாயை இழுத்து நிறுத்தும் பலமுள்ள பெரியவர்தான் கூட்டி வர வேண்டும், பள்ளிக்கூடப் பையனிடம் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. ரேபிஸ் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் அவசியம். நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிப்போட்ட நாய்க்குக் கோபம் கூடுகிறது என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

படி 3: எழுத்தில் கொடுங்கள்

பேசியும் கேட்கவில்லையா? ஒரு பக்கக் கடிதம் எழுதி, பாதிக்கப்பட்ட மற்ற வீட்டார் கையெழுத்தையும் வாங்கிக் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்துக்கும் ஒன்று. ஆனால் நாயே வளர்க்கக் கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அதை ஏற்கவில்லை.

படி 4: புகார்

உள்ளாட்சியில் தொடங்குங்கள். சென்னையில் 1913-க்கு அழைக்கலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி அலுவலகம் அல்லது ஊராட்சி.

அடுத்தது காவல் நிலையம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவைப் புகாரில் குறிப்பிடுங்கள். தன்னிடமுள்ள விலங்கால் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய் கடித்திருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை, ஆபத்து இருந்தாலே போதும். “கடிச்சா வாங்க” என்று திருப்பி அனுப்பினால் இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்கலாம். ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி உத்தரவிட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. பலருக்கும் தெரியாத வழி இது.

விஷம் வைப்பது, கல்லெறிவது பக்கமே போகாதீர்கள். அது பாவம் மட்டுமல்ல, விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

கடித்துவிட்டால்

மற்றதெல்லாம் பிறகு. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் மீண்டும் போட வேண்டும். ரத்தம் வந்த காயமானால், ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

“எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு” என்ற பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். நாயின் தடுப்பூசிச் சான்றைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். நாயை 10 நாள் அடைத்து வைத்துக் கண்காணிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். சிகிச்சைச் செலவையும் வேலைக்குப் போக முடியாத நாட்களின் சம்பளத்தையும் இழப்பீடாகக் கேட்க அவைதான் ஆதாரம்.